கிருஷ்ணாயில் காலத்து நைட் லாம்ப்

'ஜீரோ வாட்ஸ் பல்பு' நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு காலத்தில் எரிந்திருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் கலராக, பிள்ளைகள் ராத்திரி பயப்படாமல் தூங்குவதற்காக. பெயரில்தான் ஜீரோ. நிஜத்தில் அது 12 முதல் 15 வாட்ஸ் வரை சாப்பிடும். சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டருக்கு அவ்வளவு சின்ன சுமையைக் கண்டுகொள்ளும் கூர்மை கிடையாது. அதனால் 'இது கரண்ட்டே இழுக்காதுப்பா' என்று ஊரே நம்பியது. டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு குட்டு வெளிப்பட்டது. ராத்திரிக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் நாலரை யூனிட். ஜீரோவாம், ஜீரோ!

நான் இன்றைக்கு எழுத வந்தது அந்த ஜீரோவுக்கு முந்தைய கதை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் இருக்கிற கிராமங்களில், பிள்ளைகள் படுக்கிற இடத்தில் ராத்திரி என்ன எரிந்தது? கடையில் வாங்கியதா, வீட்டில் செய்ததா? செய்தது என்றால் எதை வைத்து? மன்னர்கள் கோயிலுக்கு எத்தனை ஆடு கொடுத்து நந்தா விளக்கு ஏற்றச் சொன்னார்கள் என்று கல்வெட்டில் இருக்கிறது. ஒரு அம்மா பிள்ளை பக்கத்தில் வைத்த விளக்கைப் பற்றி யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆனால் நாம் பேசுகிற வார்த்தைகளிலேயே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் வார்த்தை, விளக்கெண்ணெய். இன்றைக்கு அது வயிறு சுத்தம் செய்ய. இல்லாவிட்டால் யாரையாவது திட்ட. ஆனால் பெயரைப் பாருங்கள், விளக்குக்கான எண்ணெய். ஆமணக்கை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து மேலே மிதப்பதை வழித்து எடுப்பார்கள். வீட்டிலேயே முடிகிற வேலை. இதோடு புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெய். நல்லெண்ணெய் கொஞ்சம் வசதியான வீட்டுக்கும் சாமிக்கும். ஒரு அகல், பழைய வேட்டியில் கிழித்த திரி, அவ்வளவுதான். நைட் லாம்ப் ரெடி.

அந்த அகல் எங்கே இருந்தது என்பதும் முக்கியம். பழைய மண் சுவர் வீடுகளில் சுவரைக் குடைந்து ஒரு மாடம் வைத்திருப்பார்கள். விளக்கு மாடம். எங்க ஆயா வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது, உள்பக்கம் முழுக்கக் கரி. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, தவழ்கிற பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில். காற்றும் அடிக்காது, கீற்றுக் கூரையும் தள்ளி இருக்கும். யார் வரைந்த டிசைனோ தெரியாது, ஆனால் நல்ல டிசைன்.

அடுத்த வார்த்தை, கிருஷ்ணாயில். கெரசின் ஆயில் நம்ம ஊர் வாயில் விழுந்து கிருஷ்ண பரமாத்மா கம்பெனி ஆயில் மாதிரி ஆகிவிட்டது :) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, பிறகு ரஷ்யாவின் பாகூவிலிருந்து, அப்புறம் பர்மாவிலிருந்து. 1928-ல் பர்மா ஆயிலும் ஷெல்லும் சேர்ந்து பர்மா ஷெல் ஆனது. அதைத்தான் 1976-ல் அரசு எடுத்துக்கொண்டு பாரத் பெட்ரோலியம் ஆக்கியது. ஆமணக்கு வறுக்கவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். விலை சல்லிசு, வெளிச்சம் அதிகம். அடுத்து ரேஷன் கடையே அதைக் கொடுக்க ஆரம்பித்ததும் ஆமணக்கு விளக்கு முடிந்துபோனது. எண்ணெய் வந்த தகர டின்னைக்கூட யாரும் விடவில்லை. வெட்டி அரிசி டின், முறம், கூரைத் தகடு, விளக்கு என்று எல்லாம் செய்தார்கள்.

வசதி இருந்தவர்கள் அரிக்கேன் லைட், முட்டை விளக்கு வாங்கினார்கள். இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்தார்கள். எங்க ஆயா சொன்ன செய்முறை இது. காலி இங்க் பாட்டில் அல்லது மருந்து பாட்டில் ஒன்று. மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. அதில் தகரத்தைச் சுருட்டிய குழாய், அல்லது பழைய சைக்கிள் டியூபில் இருந்து பிடுங்கிய வால்வு. அதற்குள் துணித் திரி. பாட்டிலில் கிருஷ்ணாயில். மொத்தம் பத்து நிமிஷ வேலை. ஃபியூஸ் போன குண்டு பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அதையே விளக்காக்கியவர்களும் உண்டு. கரண்ட் இல்லாத வீட்டுக்குப் பல்பு போய்ச் சேர்ந்தது இந்த வழியில்.

"ராத்திரி பூரா எரிய வுடுவீங்களா ஆயா?" என்று கேட்டேன்.

"பச்சப்புள்ள இருக்கிற வூட்ல எப்பிடிடா அணைக்கிறது? தரையில படுத்திருக்கும். பூச்சி பொட்டு வந்தா தெரிய வாணாமா?"

பூச்சி என்றால் பாம்பு. ராத்திரியில் பெயர் சொல்ல மாட்டார்கள். இது மூடநம்பிக்கைக் கணக்கில் சேராத பயம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. தூக்கத்திலேயே விஷயம் முடிந்துவிடும். இந்தப் பகுதியில் பாம்பு எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில்தான் இருக்கிறது. நாட்டில் தயாராகிற விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயிருக்கிறது. பிள்ளை பேய்க்குப் பயந்தது, அம்மா பாம்புக்குப் பயந்தாள், இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு.

இங்கேதான் எனக்குள் இருக்கிற இன்ஜினியருக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்த இங்க் பாட்டில் விளக்கை நாம் எல்லாரும் ரொம்ப நெகிழ்ந்து எழுதுகிறோம். 'சிம்னி விளக்கில் படித்து முன்னேறினேன்' டைப் கட்டுரைகள் எத்தனை படித்திருப்போம்! படித்து முன்னேறியவர்கள் எழுதினார்கள். விளக்கு கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் எழுதவில்லை.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் 'ஃபிளாஷ் பாயிண்ட்' என்று ஒன்று உண்டு. எந்த வெப்பநிலையில் அது போதுமான ஆவியை விட ஆரம்பிக்கிறதோ, தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்குமோ, அந்த எண். விளக்கெண்ணெய்க்கு இது 200 டிகிரி செல்சியஸுக்கு மேல். நல்லெண்ணெயும் அப்படியே. அதாவது அகல் கவிழ்ந்தால் மண் தரையில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். எரிகிற திரி துணி மேல் விழுந்தால் துணி பற்றும், மறுக்கவில்லை. ஆனால் கொட்டிய எண்ணெய் முழுவதும் ஒரேயடியாகத் தீயாகாது.

மண்ணெண்ணெய்க்கு நம் நாட்டுத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 35 டிகிரிதான். செங்கல்பட்டு கத்திரி வெயில் என்ன? சாதாரணமாகவே 40-ஐத் தொடும். அப்படியென்றால் மே மாதப் பகலில், கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு மூலையில் இருக்கிற அரை பாட்டில் கிருஷ்ணாயிலின் மேல் எரியக்கூடிய ஆவி ஏற்கெனவே நிற்கலாம். ராத்திரி விளக்கு கவிழ்ந்தால்? தளர்ந்த மூடியோ, ஓட்டையில் சும்மா செருகிய குழாயோ கழன்றுவிடும். உருண்டை பாட்டில் நிற்கிற ஜாதி இல்லை, எண்ணெயைக் கக்கிக்கொண்டே உருளும், கூடவே தீயும். பக்கத்தில் பாய், பாயில் பிள்ளை. அதில் பெட்ரோல் கலப்படம் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஃபிளாஷ் பாயிண்ட் சட்டமே விளக்கு வெடித்ததால் வந்ததுதான். மண்ணெண்ணெய் புதிதாக வந்தபோது இங்கிலாந்தில் விளக்குகள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். 1862-லிருந்து சட்டம் மேல் சட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஃபிரடெரிக் ஏபெல் என்ற வேதியியலாளர் வடிவமைத்த மூடிய பாத்திரச் சோதனையை 1879 சட்டத்தில் சேர்த்து, 73 டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஒரு கோடு கிழித்தார்கள். செல்சியஸில் 23. இந்தியாவின் 1934 பெட்ரோலியம் சட்டத்தைத் திறந்து பாருங்கள். முதல் வகுப்பு என்பது 23 டிகிரிக்குக் கீழே. அதே எண்! லண்டன் குளிருக்குப் போட்ட கோடு செங்கல்பட்டு வெயிலிலும் நிற்கிறது. கோடில் ஏதாவது ஒரு எண்ணை ஒருத்தன் எழுதி வைத்துவிட்டுப் போய், ஏன் என்று யாருக்கும் தெரியாமல் பத்து வருஷம் அது ஓடிக்கொண்டிருக்கும் இல்லையா? நம்ம தொழிலில் தினம் பார்க்கிற காட்சி அது.

ஆக, ஆபத்து வீட்டில் செய்ததால் வந்ததல்ல. அகலும் மாடமும்கூட வீட்டில் செய்ததுதான். எண்ணெய் மாறியது, அதற்கேற்ற மாதிரி விளக்கின் உடம்பு மாறவில்லை. மாடத்தில் இருந்த விளக்கு, பிள்ளைகள் படிக்கவும் படுக்கவும் தரைக்கு இறங்கி வந்துவிட்டது. இதில் இன்னொரு கொடுமை, தண்ணீர் பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகள்.

கிடைத்ததை வைத்து விளக்கேற்றுவது ஏழைகள் மட்டும் செய்த வேலை என்று நினைக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் ஒலக்கணேஸ்வரர் கோயில் இருக்கிறது. பல்லவர் கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு விளக்கு வைக்க உயரமான இடம் தேவைப்பட்டபோது வெள்ளைக்காரன் இந்தக் கோயில் கூரையையே பயன்படுத்திக்கொண்டான். பக்கத்தில் இப்போது நிற்கிற கருங்கல் கலங்கரை விளக்கம் அதற்குப் பிறகு வந்தது. இங்க் பாட்டில் இருந்தவன் இங்க் பாட்டிலில் ஏற்றினான், கோயில் கிடைத்தவன் கோயில் மேலேயே ஏற்றினான்!

சரி, பாட்டில் விளக்கை யாராவது சரிசெய்தார்களா? செய்தார்கள். அதற்கு இந்தக் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டும். அங்கே இதன் பெயர் குப்பி விளக்கு.

முதலில் யாழ்ப்பாணம். 1990-ல் போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் போனது, பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தால் தங்கம். பேட்டரியும் தடை. அந்த வருஷங்களின் விளக்கு, ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள்ளேயே அடியில் ஒரு சில கரண்டி எண்ணெய், அதற்குள்ளேயே மெல்லிய திரி. சுடர் உள்ளே எரியும், கண்ணாடிதான் சிம்னி. ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான் என்று ஈழத்து நண்பர்கள் எழுதி நிறையப் படித்திருப்பீர்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டதும் அதே காலம்தான். பஞ்சத்தில் பிறந்த டிசைன் என்றாலும் ஒரு விதத்தில் அது இங்க் பாட்டிலை விட மேல். உள்ளே இருப்பதே கொஞ்சம் எண்ணெய், சுடரைச் சுற்றிக் கண்ணாடி.

அதே நாட்டின் இன்னொரு பக்கத்தில் விஜய கொடகும்புர என்று ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். குப்பி விளக்கு கவிழ்ந்து வெந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தவர். வெந்த பிறகு தைப்பதை விட விளக்கைத் திருத்துவது சுலபம் என்று இறங்கினார். அவருக்கு வழிகாட்டியது ஒரு மார்மைட் போத்தல்! குள்ளமாக, குண்டாக, அடி அகலமாக இருக்கும், சட்டென்று கவிழாது. அதைப் பார்த்து 1992-ல் 'சுதீப' என்ற விளக்கை வடிவமைத்தார். குட்டை, நல்ல கனம். இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும், அதனால் தப்பித்தவறி விழுந்தாலும் உருளாது. மூடி திருகி மூடுகிற உலோக மூடி, அதனால் எண்ணெய் கொட்டாது. கண்ணாடி தடிமன், லேசில் உடையாது. அவ்வளவே. புதிய இயற்பியல் எதுவும் இல்லை. மறுசுழற்சிக் கண்ணாடியில் செய்து, ஏழைகள் வாங்குகிற விலைக்கு லட்சக்கணக்கில் போனது. 1998-ல் அவருக்கு ரோலக்ஸ் விருது கொடுத்தார்கள்.

எனக்கு இந்த ஆளைப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். 'மண்ணெண்ணெய் விளக்கை ஒழிப்போம், எல்லாருக்கும் சோலார் கொடுப்போம்' என்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த மாதமும் அந்த வீட்டில் மண்ணெண்ணெய்தான் எரியப் போகிறது என்பதை ஒத்துக்கொண்டு, மூடியில் மரை போட்டார். கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. மாமல்லபுரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பாட்டில் விளக்கு எரிந்த வீடுகள் இருந்தன. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வளர்ந்தாக வேண்டுமே.

நடுவில் ஒரு சின்ன கிளைக்கதை. பிள்ளை தூங்கும்போது விளக்கே கூடாது என்று 1999-ல் ஒரு பீதி கிளம்பியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி, 'நேச்சர்' இதழில் வந்தது. இரண்டு வயதுக்குள் நைட் லாம்ப் போட்டுத் தூங்கிய பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம் வருகிறது என்றார்கள். உலகமெங்கும் அம்மாக்கள் விளக்கை அணைத்தார்கள். அடுத்த வருஷமே வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பைக் காணோம். வேறொன்று கிடைத்தது. கிட்டப்பார்வை உள்ள அப்பா அம்மாக்கள்தான் பிள்ளை ரூமில் விளக்கை அதிகம் போட்டு வைக்கிறார்கள். கிட்டப்பார்வை பாட்டில் வழி வரவில்லை, பரம்பரை வழி வந்தது. சோடாபுட்டிக் கண்ணாடியோடு இதைப் படிக்கிற சக பொட்டி தட்டுபவர்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் :)

இனி செய்முறை. இவ்வளவு வரலாறு சொல்லிவிட்டு விளக்கு செய்யாமல் போனால் நன்றாக இருக்காது.

நான் செய்தது அக்கா பையனுக்காக. அவர்கள் வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் சரியாக அங்கேதான் கரையைக் கடந்தது, பத்தரை மணிக்கு மேல் ஆரம்பித்து நடு ராத்திரி தாண்டியும். கரண்ட் முன்னாடியே போய்விட்டது. வெளியே காற்று ஊளையிடுகிறது, உள்ளே இவன் "மாமா லைட்டு, மாமா லைட்டு" என்று அழுகிறான். மெழுகுவர்த்தி ஏற்றினால் ஜன்னல் இடுக்குக் காற்றில் நிற்கவில்லை, செல்போன் டார்ச்சோ கண்ணைக் குத்துகிறது, சார்ஜும் முக்கியம். பையில் எப்போதும் கிடக்கிற என் சில்லறைச் சாமான்களில் வேலை முடிந்தது.

மூன்று பென்சில் பேட்டரி, அதாவது 4.5 வோல்ட். ஒரு ஆம்பர் நிற எல்.இ.டி., அது எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட். மீதி இரண்டரை வோல்ட்டை ஒரு 820 ஓம் ரெசிஸ்டர் விழுங்கிக்கொள்ளும். மூன்று மில்லி ஆம்பியர் ஓடும். இவ்வளவு கம்மியா என்று கேட்பீர்கள். இருட்டு ரூமில் இதுவே போதும், பாய் எங்கே, தண்ணீர் சொம்பு எங்கே, அம்மா எங்கே என்று தெரியும். வெள்ளை எல்.இ.டி. வேண்டாம். அதில் நீல ஒளி அதிகம், தூக்கத்துக்கான மெலடோனினைக் கெடுப்பது அதுதான். ஆம்பர்தான் சரி, பார்க்கவும் அகல் விளக்கு மாதிரியே இருக்கிறது. மேலே கவிழ்க்க ஒரு கொட்டாங்குச்சி. ஆணியைச் சுட வைத்துக் குத்தினால் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், சுவர் முழுக்க நட்சத்திரம். மாமல்லபுரம் கடைத்தெருவில் விற்கிற மெல்லிய சிப்பியைக் கவிழ்த்தாலும் அழகாக இருக்கிறது, அக்கா வீட்டில் இப்போது இருப்பது அதுதான்.

கணக்கும் போட்டுவிடுவோம். ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் 30 மில்லி ஆம்பியர் மணி. நல்ல ஆல்கலைன் பேட்டரியில் 2000-க்கு மேல் இருக்கும். ஆக, ஒரு செட் போட்டால் இரண்டு மாதம். மொத்தச் செலவு 13.5 மில்லி வாட்ஸ். ஜீரோ வாட்ஸ் பல்பின் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜீரோ என்ற பட்டத்துக்கு யாராவது லாயக்கு என்றால் இதுதான்.

மூன்று பேட்டரி பெட்டிக்குப் பதிலாக பட்டன் செல் வைத்தால் விளக்கு குட்டியாக, இன்னும் அழகாக வரும். கடையில் விற்கிற பொம்மை நைட் லாம்ப் பலதில் அதுதான் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காசு மாதிரி பளபளப்பாக இருப்பதால் பிள்ளைகள் வாயில் போட்டுவிடும். தொண்டையில் சிக்கிக்கொண்டால் எச்சிலின் ஈரத்தில் கரண்ட் ஓடி, இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும். செல் தீர்ந்துபோனது என்று தூக்கிப் போட்டதில்கூட அதற்குப் போதுமான வோல்ட் மிச்சம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

பென்சில் பேட்டரிக்கான பெட்டியிலும் இரண்டு வகை உண்டு, நகத்தால் நெம்பித் திறக்கிற மூடி ஒன்று, ஸ்க்ரூ போட்டு மூடுகிற மூடி ஒன்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டும் கிடைக்கும். ஸ்க்ரூ வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.